பகுதியைத் தப்பாகப் போட்ட ஒரு கணக்கு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கையில் டீயோடு உட்கார்ந்து நிதானமாக வாசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பரளச்சிப் பக்கம் கோயில் பொங்கலை ஒட்டி மாட்டு வண்டிப் பந்தயம் நடந்தது. வெயிலுக்கு முன்னே பார்த்துவிடலாம் என்று காலையிலேயே போய் ரோட்டோரம் நின்றேன். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்துப் பந்தயத்தில் எல்லா மாட்டையும் ஒன்றாக விட மாட்டார்கள். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று உயரமும் பல்லும் பார்த்துப் பிரிப்பார்கள். பெரிய மாட்டுக்குத் தூரம் அதிகம், பரிசும் அதிகம். பூஞ்சிட்டுக்கு இரண்டுமே குறைவு. ஆனால் இன்றைக்குப் பெரிய மாட்டில் கொடி வாங்கும் சாரதி எல்லாம் ஒரு காலத்தில் பூஞ்சிட்டில் துணைச் சாரதியாக வண்டிக்குப் பக்கத்தில் ஓடியவன்தான்.

அன்று பூஞ்சிட்டில் ஒரு வண்டி நாலாவதாக வந்தது. ஓட்டியவனுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். பரிசு மூன்று வண்டிக்குத்தான். என் பக்கத்தில் நின்ற இளவட்டங்கள், “நாலாவது வர்றதுக்கு எதுக்குடா வண்டிய கட்டிட்டு வந்த, வீட்ல கட்டிப்போட்டு வைக்கோல் போட வேண்டியதுதான” என்று சத்தம் போட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தையை, அதைவிடச் சுத்தமான தமிழில், இருபது வருஷத்துக்கு முன்னால் நானே சொல்லியிருக்கிறேன். வகுப்பறையில், கையில் சாக்பீஸோடு. அந்தக் கதையை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன்.

2005 ஜூன் மாதம். அப்போது நான் இந்த வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். வகுப்பில் 36 பிள்ளைகள். அதில் ஒரு பையன் படிப்பில் சுமார், ஓட்டத்தில் புலி. அவன் தாய்மாமன் பந்தய மாடு வைத்திருந்தார். மாமன் ஓட்டும் பூஞ்சிட்டு வண்டிக்கு அவன்தான் துணைச் சாரதி. மைல் கணக்கில் மாட்டோடு மாடாக ஓடி வருவான், மூச்சு வாங்காது.

ஒரு நாள் அவன் கணக்கு நோட்டைத் திருத்த எடுத்தேன். அட்டையில் செய்தித்தாளில் இருந்து வெட்டி எடுத்த ஒரு மஞ்சள் நிறக் காரின் படம், சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டியிருந்தது. “யாருடா இது?” என்றேன். “நரேன் கார்த்திகேயன் சார். நம்ம கோயம்புத்தூர்க்காரரு. ஃபார்முலா 1 கார் ஓட்டுறாரு. அமெரிக்காவுல நாலாவது வந்துருக்காரு சார்” என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அந்தச் செய்தியை நானும் டீக்கடையில் வாசித்திருந்தேன். ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த பந்தயம் அது. மொத்தம் 20 கார்கள். மிஷலின் டயர் போட்ட 14 கார்கள், அந்த டயர் அங்கே தாங்காது என்ற பயத்தில், அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் ஒதுங்கிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. ஷூமாக்கர் முதலிடம், பாரிக்கெல்லோ இரண்டாவது, நரேனின் ஜோர்டான் அணியிலேயே இருந்த மொன்டீரோ மூன்றாவது, நரேன் நாலாவது.

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! போர்டில் போய் எழுதினேன். “ஆறு பேர் ஓடி நாலாவது. அதாவது 4 / 6. இந்த வகுப்பில் 36 பேர். அப்படியானால் எத்தனையாவது ராங்க்?” முன் பெஞ்சுப் பிள்ளைகள் கோரஸாக, “இருபத்து நாலு சார்!” என்றார்கள். “ஆக, இருபத்து நாலாவது ராங்க் எடுத்தவன் படத்தை ஒட்டி வைத்திருக்கிறான் நம்ம ஆள். இவன் அந்த இருபத்து நாலும் எடுத்தபாடில்லை” என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பின்னக் கணக்கையும் நடத்தியாயிற்று, ஒருவனுக்குப் புத்தியும் சொல்லியாயிற்று என்று எனக்கு அன்று பெருமை.

மறுநாள் நோட்டில் படம் இல்லை. படத்தோடு சேர்ந்து அட்டையின் மேல் தாளும் கிழிந்து போயிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

அதோடு அந்தக் கதையை மறந்தும் போனேன். அவன் எட்டு முடித்துப் போனான். பத்து வரை எங்கேயோ படித்தான் என்று கேள்வி. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் போல மெட்ராஸ் பக்கம் போய்விட்டான். கண்மாய் பெருகினால் விவசாயம், இல்லையென்றால் கரிமூட்டம் என்று இருக்கிற ஊரில், வேறு எங்கே போவான்? நானும் 2017-ல் பணி ஓய்வு பெற்றேன்.

2024 ஆகஸ்டில் ஒரு போன். “சார், நான்தான்...” என்று அவன் பெயரைச் சொன்னதும் குரல் பிடிபடவில்லை, ஆள் பிடிபட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டி பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் மெக்கானிக்காக இருக்கிறானாம். “சென்னையில தீவுத்திடலச் சுத்தி கார் ரேஸ் நடக்குது சார். உங்களுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துருக்கேன். கண்டிப்பா வரணும்” என்றான். ‘எனக்கு எதுக்குப்பா கார் ரேஸ்’ என்று வாய் வரை வந்தது. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி விடியக்காலம் கிளாம்பாக்கத்தில் இறங்கினேன். பைக்கோடு நின்றுகொண்டிருந்தான். முன் நெற்றி ஏறி, மூக்குக் கண்ணாடி போட்டு, முப்பத்திரண்டு வயது ஆள்.

செப்டம்பர் 1, ஞாயிறு. மூன்றரைக் கிலோமீட்டர் பாதை. நேப்பியர் பாலமும் சிவானந்தா சாலையும் அண்ணா சாலையும் ராத்திரி விளக்கில் பகலாகக் கிடந்தன. முதல் கார் கடந்தபோது எனக்கு நெஞ்சுக்குள் அம்மி உருண்டது போல இருந்தது. அவன் என் காதருகில் கத்திக் கத்திப் பாடம் நடத்தினான். அன்று அவன் வாத்தியார், நான் மாணவன்.

“சார், இது ஃபார்முலா 4. நம்ம பூஞ்சிட்டுன்னு வச்சுக்கங்க. 15 வயசு ஆனா ஓட்டலாம். அதுக்கு மேல ஃபார்முலா 3 சின்ன மாடு, 16 வயசு. ஃபார்முலா 2 நடு மாடு, 17 வயசு. ஃபார்முலா 1தான் பெரிய மாடு, 18 வயசு. கார் எல்லாம் ஒத்த ஆள் உக்கார்றது, சக்கரம் வெளிய தெரியும். கீழ்ப் பந்தயத்துல அநேகமா எல்லாருக்கும் ஒரே மாதிரி கார்தான். அப்பத்தான் கார் ஓடுதா ஆளு ஓட்டுறானான்னு தெரியும்.”

எத்தனை அழகாகச் சொல்லிவிட்டான் பாருங்கள். எனக்கு அதற்கு முன்னால் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கார் பந்தயத்தைப் பணக்காரன் பொழுதுபோக்கு என்று நினைத்திருக்க மாட்டேன்.

பிறகு அவன் நரேன் கார்த்திகேயன் ஏறி வந்த படிகளைச் சொன்னான். ஊருக்கு வந்தபின் பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் தேடிப் படித்தேன். 1977-ல் பொங்கலன்று பிறந்தவர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன், கார் ராலியில் பெயர் எடுத்தவர். பதினைந்து வயதில், 1992-ல், பிரான்சில் எல்ஃப் வின்ஃபீல்ட் என்ற பந்தயப் பள்ளியில் சேர்ந்து, அங்கே நடந்த தேர்வுப் போட்டியில் அரையிறுதி வரை வந்திருக்கிறார். அடுத்த ஆண்டு ஊருக்குத் திரும்பி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் ஃபார்முலா மாருதி ஓட்டினார்.

அந்த ஃபார்முலா மாருதியைப் பற்றி ஒரு வார்த்தை. கோவையைச் சேர்ந்த கரிவரதன் என்பவர் செய்த வேலை அது. வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க நம் பிள்ளைகளால் முடியாது என்று பார்த்து, ரோட்டில் ஓடுகிற மாருதி 800-ன் எஞ்சினையே எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காராகக் கட்டினார். கீழ்ப்படி ஒன்றை உள்ளூரிலேயே அடித்துக் கொடுத்த மனிதர் என்று சொல்ல வேண்டும். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

நரேன் பிறகு இங்கிலாந்து போனார். 1994-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் பட்டம். ஐரோப்பாவில் ஒரு கார் பந்தயத் தொடரை வென்ற முதல் இந்தியர். 1996-ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன். 1997-ல் ஃபார்முலா ஓப்பல், டோனிங்டன் பார்க்கில் வெற்றி. 1998 முதல் 2000 வரை மூன்று ஆண்டுகள் பிரிட்டிஷ் ஃபார்முலா 3. முதல் ஆண்டு பன்னிரண்டாவது இடம், அடுத்த ஆண்டு ஆறாவது, அதற்கும் அடுத்த ஆண்டு நாலாவது. 2001-ல் ஜப்பானில் ஃபார்முலா நிப்பான். அதே ஆண்டு ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரில் சோதனை ஓட்டம், ஃபார்முலா 1 காரில் உட்கார்ந்த முதல் இந்தியர். ‘அப்புறம் என்ன, இடம் கிடைத்துவிட்டது’ என்று நினைப்போம். இல்லை. இன்னும் மூன்று ஆண்டுகள் ஐரோப்பாவில் நிஸான் தொடரில் ஓட்டினார். ஒரு வழியாக 2005 மார்ச் 6 அன்று மெல்போர்னில் முதல் ஃபார்முலா 1 பந்தயம்.

ஃபார்முலா மாருதியில் இருந்து மெல்போர்னுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள்! ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற காலம். அந்தப் பன்னிரண்டு ஆண்டுப் படிப்பின் பரீட்சையில் ஒரு நாள் மதிப்பெண்ணை மட்டும் எடுத்து நான் போர்டில் எழுதியிருக்கிறேன்.

இதில் இன்னொன்றும் படித்தேன். 1999-ல் நரேன் ஆறாவது வந்த அதே பிரிட்டிஷ் ஃபார்முலா 3-ல் மூன்றாவதாக வந்தவர் ஜென்சன் பட்டன். அவர் அடுத்த ஆண்டே வில்லியம்ஸ் அணியில் ஃபார்முலா 1 போய், 2009-ல் உலக சாம்பியன் ஆனார். அந்த 1999-ல் முதலிடம் வந்தவர் யார் தெரியுமா? மார்க் ஹைன்ஸ். அவர் ஒரு ஃபார்முலா 1 பந்தயத்தில்கூட ஓடியதில்லை. முதல் ராங்க் எடுத்தவனுக்கே இடம் நிச்சயம் இல்லாத பள்ளிக்கூடம் அது. திறமையோடு பணம் வேண்டும், விளம்பரம் கொடுக்க ஒரு கம்பெனி வேண்டும், சரியான வருஷத்தில் ஒரு நாற்காலி காலியாக வேண்டும்.

நரேன் வசதியான வீட்டுப் பிள்ளைதான், மறுக்கவில்லை. டாடா போன்ற பெரிய கம்பெனிகளின் துணையும் இருந்தது. அவ்வளவும் இருந்தே பன்னிரண்டு ஆண்டுகள் என்றால், ஒன்றும் இல்லாதவன் பாடு என்ன? பிரான்ஸ்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நரேன் படித்த அதே வின்ஃபீல்ட் பள்ளியில் ஆண்டுதோறும் தேர்வு வைத்து, முதலில் வருகிறவனுக்கு எல்ஃப் எண்ணெய்க் கம்பெனி செலவில் அடுத்த ஆண்டு பந்தயம் ஓட்ட வாய்ப்புக் கொடுத்தார்கள். 1975-ல் அப்படித் தேறியவர் அலன் ப்ராஸ்ட். பின்னாளில் நான்கு முறை உலக சாம்பியன். முதல் படியை யாராவது இலவசமாகப் போட்டுக் கொடுத்தால் ஏறத் தெரிந்தவன் ஏறிவிடுகிறான்.

பந்தயத்துக்கு இடையே ஒரு ஓய்வு விட்டார்கள். சத்தம் அடங்கியது. அவன் என்னிடம், “நேத்து என்ன தேதி சார்?” என்றான். ஆகஸ்ட் 31. “2019-ல அதே தேதியில பெல்ஜியத்துல ஸ்பா ரேஸ்ல ஒரு பையன் செத்துப்போனான் சார். பிரான்ஸ்காரன். அந்துவான் உபேர்னு பேரு. 22 வயசு” என்றான்.

அந்தப் பையனும் ஒவ்வொரு படியாக ஏறியவன். 2013-ல் பிரெஞ்சு ஃபார்முலா 4 சாம்பியன். பிறகு ஃபார்முலா ரெனோ, ஐரோப்பிய ஃபார்முலா 3. 2017-ல் ஜிபி3 தொடரில் நாலாவது. 2018-ல் அதே தொடரில் சாம்பியன். 2019-ல் ஃபார்முலா 2-க்கு ஏறி, மொனாக்கோவிலும் சொந்த நாட்டில் பால் ரிக்கார்டிலும் வென்றான். மேலே ஏற இன்னும் ஒரு படிதான். அன்று ஸ்பாவின் மேட்டுத் திருப்பத்தில் நடந்த மோதலில் உயிர் போய்விட்டது. மறுநாள் அதே பாதையில் ஃபார்முலா 1 பந்தயம். அதில் தன் முதல் வெற்றியைப் பெற்ற ஷார்ல் லெக்லேர், சிறு வயதில் இருந்தே கூட ஓட்டிய அந்த நண்பனுக்கு அதைச் சமர்ப்பித்தார்.

“மேல போகாமலே போய்ட்டான்ல சார். ஆனா அவன் ஓட்டுனது ஓட்டுனதுதான?” என்றான் இவன். நான் பதில் சொல்லவில்லை. ஒன்று முதல் எட்டு வரை மட்டுமே பாடம் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு, அந்தக் கேள்வி வேறு எங்கோ போய்த் தைத்தது. பிள்ளைகள் மேடையில் நன்றி சொல்வது கல்லூரிப் பேராசிரியருக்கு. ஆனா ஆவன்னா எழுதிப் போட்டவன் எங்கேயோ நிற்பான். அதற்காக எழுதிப் போட்டது இல்லை என்று ஆகிவிடுமா?

கொஞ்ச நேரம் கழித்து அவன் பாதையைப் பார்த்தபடியே சிரித்தான். “இருபத்து நாலு சார்” என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேச்சு வரவில்லை. பத்தொன்பது வருஷம்! நான் மறந்துபோன விடையை அவன் மறக்கவில்லை.

“அந்த வருஷம் குறுவட்டப் போட்டிக்கு 800 மீட்டர் ஓட்டத்துக்கு என் பேரு குடுக்கச் சொன்னீங்கள்ல. நான் குடுக்கல. ஏன்னு நீங்க கேக்கல.”

ஆமாம். நினைவு வந்தது. நான்தான் பட்டியல் எழுதினேன். அவன் பெயரை அவனே வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சோம்பேறிப் பயல் என்று திட்டிவிட்டு வேறு ஒருவன் பெயரை எழுதினேன்.

“ஓடி நாலாவது வந்தா போர்டுல கணக்குப் போடுவீங்கன்னு பயந்துட்டேன் சார்” என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

நினைத்துப் பாருங்கள் நண்பர்களே. கார் பந்தயத்தில் ஒரு படி ஏறக் கோடி ரூபாய் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஒரு ஏணி வைத்திருக்கிறது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம். அதன் முதல் படிக்கு ஒரு பைசா வேண்டாம். ஒரு வாத்தியார் ஒரு தாளில் ஒரு பெயரை எழுதினால் போதும். பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவன் ஜெயித்திருப்பானா, மாவட்டம் வரை போயிருப்பானா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அடைத்தது நான். அதுதான் என்னை உறுத்துகிறது.

ராத்திரி பஸ் ஏற்றிவிட வந்தான். கிளாம்பாக்கத்தில் டீ வாங்கிக் கொடுத்தான், காசு கொடுக்க விடவில்லை. அங்கே வைத்துத்தான் சொன்னேன். “ஏப்பா, அன்னைக்கு நான் போட்ட கணக்கு தப்பு. தொகுதி சரி, நாலுதான். பகுதியில ஆறு போட்டேன் பாரு, அது தப்பு. ஃபார்முலா ஃபோர்டுல, ஃபார்முலா 3-ல அவர் கூட ஓடுன அத்தனை பேரும், பாதியில பணம் இல்லாம நின்ன அத்தனை பேரும் பகுதியில வரணும். இந்தியாவுல கார் ஓட்ட ஆசப்பட்ட அத்தனை பயலுகளும் வரணும். அப்படிப் போட்டுப் பாத்தாத்தான் அந்த நாலாவது இடத்தோட மதிப்பு தெரியும்.”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். “விடுங்க சார். கணக்குல நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அன்னைக்கு நெனச்சேன். அதனாலதான் அவ்வளவு வலிச்சுது. வேற யாரும் சொல்லியிருந்தா சண்டைக்குப் போயிருப்பேன்” என்றான்.

முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். பிரம்பால் அடித்த பிள்ளைகள் இன்றைக்கும் ரோட்டில் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறார்கள். அடி ஆறிவிடுகிறது. பிள்ளை நம் மேல் வைத்த நம்பிக்கையை வைத்தே அவனைக் கேலி செய்தோமே, அது ஆறுவதில்லை. இதை எனக்கு ஆசிரியர் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தாலும் அந்த வயதில் காதில் விழுந்திருக்குமா, தெரியாது.

போன ஞாயிறு பந்தயம் முடிந்த பிறகு, அந்த நாலாவது வந்த பையனைத் தேடிப் போனேன். கருவேல மர நிழலில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். “நல்லா ஓட்டுனப்பா. திருப்பத்துல மாட்ட அடிக்காம வளைச்ச பாரு, அது நல்லா இருந்துச்சு” என்றேன். அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். “நாலாவதுதான தாத்தா” என்றான். “எத்தன வண்டி ஓடுச்சு?” என்றேன். “பதினொண்ணு.” “இந்த ஊர்ல மாடு வாங்க ஆசப்பட்டு வாங்க முடியாதவன் எத்தன பேரு?” என்றேன். யோசித்துவிட்டு, “அது நெறய இருக்கும் தாத்தா” என்றான். மாட்டின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தான். அதற்கு மேல் நான் பாடம் நடத்தவில்லை.

இப்போது பணியில் இருக்கிற ஆசிரியத் தம்பி தங்கைகள் சிலர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். குறுவட்டப் போட்டிக்குப் பட்டியல் எழுதும்போது, பெயர் கொடுக்க வராத பிள்ளை ஒன்று இருந்தால், ‘ஏன் வரலை?’ என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பதில் நம்மைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

இதை அவனிடம் போனில் வாசித்துக் காட்டிய பிறகுதான் பதிவிடுகிறேன். பெயரும் பட்டறைப் பெயரும் போட வேண்டாம் என்றான், போடவில்லை. பொங்கலுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறானாம். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாளாம், நன்றாக ஓடுகிறாளாம். “எத்தனாவது வர்றா?” என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. “வந்ததும் கண்மாய்க் கரையில் ஓடச் சொல்லு, பார்க்க வேண்டும்” என்று சொல்லியிருக்கிறேன்.

நீளமாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.